ஜமுனாவுக்கு ஒரு மிஷின்

எங்கள் ஊரில் பெண்கள் விழுங்கும் கோபம் வீட்டுக் குதிரையின் மேல் முடியாக வளரும். ஆண்களுடைய கோபம் அப்படி வளர்வதில்லை. அது வாய் வழியாகவே வெளியே போய்விடுகிறது. அதனால் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கிற குதிரைகளைப் பார்த்தாலே எந்த வீட்டில் என்ன நிலவரம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வழவழவென்று மின்னுகிற குதிரையா, அந்த வீட்டில் பெண் இல்லை, அல்லது இருக்கிற பெண்ணுக்கு வாய் இருக்கிறது. என் ஜமுனா கரடி மாதிரி இருந்தாள்.

ஜமுனா என்னோடு வந்தவள். கல்யாணத்தின்போது என் அப்பா அவளையும், ஏரிக்கரை வரிசையில் போட் ஹவுஸ் வாசலுக்கு எதிரே இருக்கிற முதல் இடத்தையும் எனக்குக் கொடுத்தார். காரில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த இடத்தில் நிற்கிற குதிரையைத்தான். அதில் ஏறத்தான் பிள்ளைகள் அடம்பிடிக்கும். அந்த ஒரு இடத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

என் கணவர் பிரகாசத்துக்குக் கோபமே வராது. அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது. அவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், சூசைமாணிக்கம். நான் பெரியத்தான் என்று கூப்பிட வேண்டும். குதிரைக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். டீ ஆறியிருந்தால் கத்துவார், சூடாக இருந்தாலும் கத்துவார், மழையைப் பார்த்துக் கத்துவார். அவருடைய வெள்ளைக் குதிரை சுல்தான், துடைத்து வைத்த சில்வர் பாத்திரம் போலப் பளபளவென்று இருக்கும். இந்த மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

சீசன் தொடங்குவதற்கு முந்தின வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வைத்த மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே சங்கத்தின் முடிவைச் சொன்னார்.

"முடி கண்ணை மறைக்கிற குதிரை சீசனுக்கு வரிசையில நிக்கக் கூடாதுப்பா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வழிச்சு எடுத்துரணும். இல்லேன்னா முதல் இடத்துல சுல்தான் நிக்கும்."

"சரிண்ணே," என்றார் என் கணவர்.

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார் பெரியத்தான். ஊற்றினேன். கொட்டடியில் ஜமுனாவின் பிடரி தரையைத் தொட்டது.

சங்கம் என்றால் அவர்தான். முடிவு என்றால் அவர் நினைத்தது. ஆனால் முடி வெட்டியாக வேண்டும் என்பது உண்மை. அதை மறுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. அவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு ஜமுனா ஏரியைச் சுற்றி வந்தால் உள்ளே வேர்த்துக் கொட்டும்; அந்த வேர்வை காயாது; சாயங்காலம் பனி இறங்கியதும் நடுங்குவாள். இருமல்கூட வந்திருந்தது. இப்படியே விட்டால் இந்த சீசனை அவள் தாண்ட மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

போன மாதமே ஒரு முறை வெட்டிப் பார்த்தாயிற்று. பெரியத்தான் தன்னுடைய மிஷினைக் கொண்டுவந்தார். செம்மறியாட்டுக்கு வெட்டுகிற மிஷின். போட்டதும் ரைஸ் மில் மாதிரி சத்தம். ஜமுனா ஒதுங்கினாள். அவர் குதிரையைத் திட்டிக்கொண்டே, மிஷினை நிறுத்தாமல் ஓட்டினார். பிளேடு கொதித்துப்போய் அவள் அடிவயிற்றில் அகலமாகச் சுட்டுவிட்டது. தோல் சிவந்து உரிந்தது. என் கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் பாத்துக்குவாரு மேரி, நீ உள்ள போ," என்றார். நான் உள்ளே போனேன். வெட்டிய இடத்தில் வெட்டுவதற்கு முன் இருந்ததைவிட நீளமாக வளர்ந்து நின்றது. காயத்துக்கு மருந்து போட முடியைக் கையால் வகிர்ந்து தேட வேண்டியிருந்தது.

ஆகவே எனக்கு வேண்டியது ஒரே ஒரு மிஷின். அது சுடக் கூடாது, கத்தக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத ஒன்று உலகத்தில் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றாலும் ஜமுனாவுக்காவது இருக்க வேண்டும்.

வத்தலக்குண்டில் அந்த மாதிரி மிஷின்களுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. குதிரையைக் கூட்டிக்கொண்டு போனால்தான் கடைக்காரர் விற்பார். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைப் பேசி, ஜமுனாவைப் பின்னால் ஏற்றினோம். மிஷின் எடுக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று பெரியத்தானும் கிளம்பிவிட்டார். டிரைவருக்குப் பக்கத்தில் அவரும் என் கணவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"மேரி பின்னாடி குதிரையோட நிக்கட்டும். அதுக்கும் தொணையா இருக்கும்," என்றார் பெரியத்தான்.

மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் முடி வளர்ந்தது. முதலில் என் முழங்கால் வரை வந்தது, பிறகு இடுப்பு வரை. கீழே வெயில் அடிக்கத் தொடங்கியதும் ஜமுனா மூச்சு வாங்கினாள். அவள் முகத்தைத் தேடிப் பிடித்து, என் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தேன்.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் நிற்கிற குதிரை உள்ளேயிருந்து நன்றாகத் தெரிவதற்காக அந்தக் கடைக்காரர் அதைத் தினமும் துடைத்து வைத்திருப்பார். எங்களைக் கண்டதும் எழுந்தார். என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை குதிரை சார்?"

"ஒண்ணுதான்," என்றேன் நான்.

"ஒண்ணுன்னா இது போதும் சார்," என்று என் கணவரிடம் ஒரு சின்ன மிஷினை எடுத்துக் கொடுத்தார். கைக்கு அடக்கமாக இருந்தது. சத்தமும் குறைவு.

"இது மீசை ஒதுக்கத்தான் ஆகும்," என்றார் பெரியத்தான்.

"இது சுடுமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "மேடத்துக்குச் சொல்லுங்க சார், நம்மகிட்ட இருக்கிற பொருள் எதுவும் சுடாது."

"சுடாதாம் மேரி," என்றார் என் கணவர். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கடைக்காரர் கண்ணாடி வழியாக ஜமுனாவை ஒரு பார்வை பார்த்தார். "ஆனா இப்ப இது பத்தாது சார். முடி கூடிருச்சு." அடுத்த தட்டிலிருந்து பெரிய மிஷினை இறக்கினார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியது.

"இதை ஓட்டினா குதிரை மிரளாதா?" என்றேன்.

"குதிரை மிரள்றதும் மிரளாததும் புடிக்கிற ஆளைப் பொறுத்தது சார். ஆம்பளை புடிச்சா ஒண்ணும் பண்ணாது." மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "இதுவும் பத்தாது போலிருக்கே."

பிறகு உத்தரத்தில் தொங்கவிட்டு ஓட்டுகிற ஒன்றைக் காட்டினார். அதற்குப் பிறகு சக்கரம் வைத்த ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதற்கு வீட்டில் த்ரீ பேஸ் கனெக்ஷன் வேண்டுமாம். நான் ஏதாவது கேட்டால் என் கணவருக்குப் பதில் சொல்வார், உடனே வாசலைப் பார்ப்பார், இன்னொரு தட்டு மேலே போவார். அவருடைய வியாபாரம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. முடியை முதலில் வளர்த்துவிட்டு அப்புறம் அதற்கு ஏற்ற மிஷினை விற்கிறார். அதில் அவருக்கு என் மேல் ஒரு வன்மமும் கிடையாது. பூக்காரி பூவுக்குத் தண்ணீர் தெளிப்பது போலச் செய்துகொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் கோபத்தை எடுத்து எனக்கே அளந்து விற்கிறான் இந்த ஆள்.

முடி கண்ணாடியில் வந்து அழுந்தியது. கடை இருட்டிவிட்டது. கடைக்காரர் லைட்டைப் போட்டார்.

"பெருசையே எடுத்துருவோம்," என்றார் பெரியத்தான். "நாளைக்கே நான் வந்து ஓட்டித் தர்றேன்."

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் என் கணவர்.

அந்த முடிக்கு அடியில் எங்கேயோ ஜமுனா இருமினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன், மற்ற மூவரும் த்ரீ பேஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கவுன்ட்டருக்குப் பின்னால் போனேன். முதலில் காட்டிய சின்ன மிஷினை எடுத்து, ஓடவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் பிளேடை வைத்துக்கொண்டு நின்றேன். தோல் மெலிந்த இடம் அது. குழந்தைக்குப் பால் சூடு பார்க்கிற இடம். கொஞ்ச நேரம் ஜில்லென்று இருந்தது. பிறகு வெதுவெதுப்பு. பிறகு சுட்டது. அதை நிறுத்திவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் சுட்டது. உத்தரத்தில் தொங்கியது அதைவிடச் சீக்கிரம். சக்கரம் வைத்தது போட்ட உடனேயே சுட்டது. என் மணிக்கட்டு சிவந்துபோய்விட்டது.

"எல்லாமே சுடுது," என்றேன்.

"ஓடுற பொருள் எல்லாம் சுடத்தான் செய்யும்னு மேடத்துக்குச் சொல்லுங்க சார்."

"நீங்களே சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவர் முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"இந்தச் சின்னதைக் குடுங்க. அதோட கூட இதே மாதிரி இன்னொரு பிளேடு குடுங்க. ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு ஆறட்டும். மாத்தி மாத்திப் போட்டுக்கிறேன்."

"இந்த முடிக்கு இதை வச்சு வெட்டினா நாள் பூரா ஆகும் சார்," என்று அவர் பழையபடி என் கணவரிடம் போனார்.

"ஆகட்டும். முடி என்னுது," என்றேன்.

பெரியத்தான் கத்தத் தொடங்கினார். பொம்பளை எடுத்த மிஷினைக் கொண்டு எந்தக் குதிரைக்கு எவன் வெட்டினான் என்று கேட்டார். கடைக்குள் இருந்த எல்லா மிஷினையும்விடச் சத்தமாக இருந்தது. நான் பணத்தைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, சின்ன மிஷினையும் இரண்டு பிளேடையும் எண்ணெய்க் குப்பியையும் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். முன்வாசல் முடியால் அடைத்துக்கிடந்தது.

சனிக்கிழமை காலையில் ஜமுனாவைக் குளிப்பாட்டி வெயிலில் நிறுத்தினேன். மண் ஒட்டின முடியில் ஓட்டினால் பிளேடு மழுங்கிவிடும். முடி காய்ந்ததும் மிஷினைத் தூரத்தில் வைத்து ஓடவிட்டேன். அவள் காதை மடக்கினாள், பிறகு நிமிர்த்தினாள். கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தேன். என் உள்ளங்கையை அவள் தோளில் வைத்து, கையின் மேல் மிஷினை வைத்தேன். அதிர்வு என் கை வழியாக அவளுக்குப் போனது. அவள் ஒதுங்கவில்லை. கையை மெல்ல எடுத்துவிட்டு, முடி படிந்திருக்கிற திசைக்கு எதிராகத் தோளிலிருந்து ஆரம்பித்தேன்.

என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். "நான் ஏதாவது செய்யட்டா மேரி?"

"வாயை மூடிக்கிட்டு வாலைப் புடிங்க."

இதை வெளியே சொன்னதால் முடி வளரவில்லை. அவரும் வாலைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை.

மேலாக இருந்தது முந்தின நாள் கடையில் வளர்ந்தது, கறுப்பாக, கம்பி மாதிரி. அது போனதும் பிளேடை மாற்றினேன். அதற்கு அடியில் வயிறு வெந்த நாளின் முடி, செம்பட்டையாக, சிக்குப் பிடித்து. அந்த இடத்தில் பிளேடை அடிக்கடி மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதற்கும் அடியில் என் அப்பாவை அடக்கம் செய்த நாளில் வளர்ந்தது. கல்லறையில் மண் போட்டு முடிப்பதற்குள் பெரியத்தான் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் அந்த முதல் இடம் யார் பேரில் இருக்கும் என்று கேட்டார். அந்த முடி நரைத்திருந்தது. வெட்டும்போது அழுகை வந்தது. ஆத்திரத்தில்தான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் தோலை ஒட்டி இருந்த கடைசி அடுக்குக்கு வந்தேன். அது குட்டியாக, பட்டாக இருந்தது. கல்யாணம் பேசியபோது நான் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பை முடிக்கட்டுமே என்று அப்பா கேட்டார். குதிரையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும், நர்சு எதற்கு என்றார் பெரியத்தான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் முதல் கோபம் அதுதான். இவ்வளவு மிருதுவாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஜமுனா உடம்பைச் சிலுப்பிக்கொண்டாள். அவள் செவலை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இருமல் நின்றிருந்தது.

வெட்டிய முடி கொட்டடியை அடைத்துக் கூரை வரை நின்றது. எங்கள் ஊரில் அதை ஆண்கள் எடுத்துக்கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். சாயங்காலம் பெரியத்தான் மண்ணெண்ணெயோடு வந்தார்.

"அதைத் தொடாதீங்க," என்றேன். "அது என்னுது."

அவர் தெருமுனை வரை கத்திக்கொண்டே திரும்பிப் போனார். சுல்தான் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் மின்னியிருக்கும்.

மறுநாள் காலையில் கொட்டடிக்குப் போனபோது முடிக்குவியல் நான்கு காலில் நின்று ஜமுனாவுக்குப் பக்கத்தில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அவளைவிட உயரம். என் கணவர் பரணிலிருந்து பழைய சேணத்தை இறக்கிக்கொண்டு வந்தார்.

"இதுக்கும் கட்டட்டா?"

"கட்டுங்க," என்றேன்.

இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். முதல் இடத்தில் சுல்தான் நின்றது. பெரியத்தான் ஜமுனாவை மேலும் கீழும் பார்த்தார்.

"முடியே இல்லாத குதிரை குளிர் தாங்காது. அதுவும் வரிசையில நிக்கக் கூடாது. சங்கத்துல முடிவு பண்ணியாச்சு."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"இப்பத்தான்."

"சரிண்ணே," என்று என் கணவர் வாயெடுத்தார். நான் திரும்பிப் பார்த்ததும் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நான் பேசுவதற்குள் முடிக்குதிரை நடந்தது. சுல்தானுக்கு முன்னால் போய் மார்பால் மெதுவாகத் தள்ளியது. சுல்தான் தகராறு ஒன்றும் செய்யாமல் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தது. போட் ஹவுஸ் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மதுரைப் பக்கத்து அம்மாள் ஒருவர், காருக்குள் இருந்த சாமியைக் கும்பிட்டுவிட்டு நேராக வந்து முடிக்குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"கயிறு புடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாருங்க? இந்த எடம் யாரோடது?" என்று கேட்டார்.

"என் இடம்!" என்று பெரியத்தான் ஏரிக்கே கேட்கும்படி கத்தினார். வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது.

எங்கள் வரிசையில், இடம் யாருடையதோ அந்த ஆள்தான் அங்கே நிற்கிற குதிரையோடு நடக்க வேண்டும். அந்த அம்மாள் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். அவர் நடந்தார்.

முதல் வளைவு திரும்பியதும் முடிக்குதிரை பேச ஆரம்பித்தது. என் குரல்தான். தண்ணீருக்கு மேலாக எனக்கு நன்றாகவே கேட்டது. நர்சிங் இரண்டாம் வருஷத்திலிருந்து, காபித் தட்டிலிருந்து, ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனது. பெரியத்தான் ஏதோ கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

"செத்த சும்மா வாங்க, கேக்க விடுங்க," என்றார் மேலே இருந்த அம்மாள்.

சவாரிக்கு வந்தவர்களிடம் கத்த முடியாது. அவர் வாயை மூடினார். தொண்டை ஏறி இறங்கியதை நான் இங்கிருந்தே பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற சுல்தானின் காதோரத்தில் கொஞ்சம் முடி எட்டிப் பார்த்தது.

சுற்று முடிந்து வந்தபோது அந்த அம்மாள் இறங்கவில்லை. பெரியத்தானை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி போகச் சொன்னார். அவர் மறுபடி நடந்தார். எங்கள் ஏரியைச் சுற்றுகிற பாதை நீளமானது. சுல்தானுக்கு முடி முழங்கால் வரை இறங்கியிருந்தது. கண்ணில் விழுந்ததை ஒதுக்கிவிட்டு அதற்குத் தண்ணீர் காட்டினேன்.

அடுத்து வந்து இறங்கியவர்கள், ஜமுனாவையும் தாண்டிப் பார்த்துவிட்டு, பேசுகிற குதிரை எப்போது திரும்பி வரும் என்று கேட்டார்கள்.

"அது சொல்ற கதையில இப்பத்தான் என் கல்யாணம் முடிஞ்சிருக்கு," என்றேன். "வர நேரமாகும்."